நாற்பத்தேழாம் பக்கம்

மார்ச் 9

அன்புள்ள குட்டிக்கு,

நீ போனை எடுப்பதாக இல்லை. பதினோரு முறை அடித்துப் பார்த்துவிட்டேன். உன் அண்ணிதான் சொன்னாள், "லெட்டர் எழுதுங்க, கிழிச்சுப் போடவாவது கையில எடுப்பா" என்று. மருந்துச் சீட்டைத் தவிர வேறெதையும் கையால் எழுதி வருஷக்கணக்காகிறது. எழுத்து புரியவில்லையென்றால் பக்கத்து மருந்துக் கடையில் கொடு, படித்துச் சொல்வார்கள்.

கண் எப்படி இருக்கிறது? கட்டைப் பிரித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். வெளியூர் என்றாலும் பெரிய ஆஸ்பத்திரி, நல்ல டாக்டர்கள். நல்லபடியாக ஆகும்.

கிளப்பின் விசாரணைக் குழு என்னிடம் வாக்குமூலம் கேட்டது. கொடுத்துவிட்டேன். நடந்ததைத்தான் எழுதினேன். கோல்ஃப் கோப்பைப் போட்டி, பன்னிரண்டாவது குழி. பந்து மரங்களுக்குப் பின்னால் கிடந்தது. என் பையைத் தூக்கி வந்த நீ வழி பார்க்க முன்னால் போனாய். உன் கை இறங்கியிருந்தது, நான் அடித்தேன். பந்து மரத்தில் பட்டுத் திரும்பி உன் முகத்துக்கு வந்துவிட்டது. உனக்கு வேறு மாதிரி ஞாபகம் இருக்கலாம். அவ்வளவு வலியில் யாருக்கும் ஞாபகம் குழம்பும், என் கிளினிக் நாற்காலியில் உட்காருகிறவர்களிடம் தினமும் பார்க்கிறேன். விசாரணை வெறும் சடங்கு என்றுதான் கிளப் செயலாளர் சொன்னார். நீ கவலைப்படாதே.

அப்புறம், என் பந்து மறுபடியும் வலப்பக்கமாக வளைந்து ஓடுகிறது. நேராக அடிக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன், அது பாட்டுக்கு வேலியைப் பார்த்துப் போகிறது. என்ன செய்யலாம்?

அண்ணன்


மார்ச் 17

அண்ணா,

போனில் நீ குறுக்கே பேசுவாய். காகிதத்தில் அது முடியாது. அதனால்தான் எடுக்கவில்லை.

வலது கண் போய்விட்டது. நல்லபடியாக ஆவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. நேற்று டம்ளரில் தண்ணீர் ஊற்றினேன், டம்ளருக்கு வெளியே மேஜையில் விழுந்தது. படி இறங்கும்போது கடைசிப் படி எங்கே இருக்கிறது என்று காலால் தேட வேண்டியிருக்கிறது. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் தெரியாது. பதினெட்டு வருஷமாகப் பயிற்சியாளராகத் தூரத்தைப் பார்த்துச் சொல்லிச் சம்பாதித்தவள் நான். இங்கே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு பயிற்சித் திடல் இருக்கிறது. அதன் முதலாளியம்மா என்னைப் பந்து கழுவவும், மட்டைகளுக்குப் பிடி மாற்றவும் வைத்திருக்கிறார். சலவைக் கடைக்கு மேலே ஓர் அறை. நாள் முழுக்கத் தரை சூடாக இருக்கும்.

வலப்பக்கம் வளைவது பற்றி. கைப்பிடியை நசுக்குகிறாய். குழந்தையின் ஆடும் பல்லை எவ்வளவு பிடிப்பாயோ அவ்வளவு பிடித்தால் போதும். குனிந்து பார்த்தால் இடது கையில் இரண்டு விரல் முட்டி தெரிய வேண்டும். ஒரே மூச்சில் நூறு பந்து அடிக்காதே. முப்பது அடி. ஒவ்வொன்றுக்கும் பின்னால் போய் நின்று, இலக்கைத் தேர்ந்தெடுத்து, பிறகு வா.

கையைப் பற்றி ஒன்றே ஒன்று. அந்த ஏற்பாடு என்னுடையது இல்லை. முதல் பாடத்தன்று நீதான் சொன்னாய், "என் கிளினிக்ல நோயாளி கையைத் தூக்கினா டிரில்லை நிறுத்திடுவேன். நீயும் அதே மாதிரி தூக்கு, நான் நின்னுடறேன்" என்று. மூன்று வருஷமாக என் கை மேலே இருந்தால் நீ அடித்ததில்லை. அன்றைக்கும் மேலேதான் இருந்தது.

உன் நோட்டை அனுப்பு. ஆட்டம் எங்கே கெடுகிறது என்று அதைப் பார்த்தால்தான் தெரியும்.

குட்டி


மார்ச் 25

அன்புள்ள குட்டிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று காலை கிளினிக்கைத் திறக்கவில்லை. கண்ணைப் பற்றி நீ எழுதியிருந்ததை அண்ணியிடம் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன், டம்ளருக்கு மேல் முடியவில்லை. அவள் வாங்கிப் படித்தாள். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கையைப் பற்றி உன்னோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன், உனக்குத் தெரிந்ததை நீ சொல். பெரியவர்கள் உட்கார்ந்து முடிவு செய்யட்டும்.

நோட்டை அனுப்பியிருக்கிறேன். நீ போட்டுக் கொடுத்த மூன்று கட்டங்களையும் ஒரு நாள் விடாமல் நிரப்பியிருக்கிறேன்: பார்த்தது, எடுத்த முடிவு, நடந்தது. ஐம்பத்தோரு வயதில் தங்கச்சி கொடுத்த வீட்டுப்பாடத்தை எழுதும் ஒரே பல் டாக்டர் நானாகத்தான் இருப்பேன். கிளப்பில் எவ்வளவு கிண்டல் தெரியுமா? ஆனால் எழுத ஆரம்பித்த பிறகுதான் ஆட்டம் முன்னேறியது, அதை மறுக்க மாட்டேன். இப்போதும் எழுதாமல் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பார்த்துவிட்டுச் சீக்கிரம் திருப்பி அனுப்பு.

பிடியை மாற்றினேன். முப்பதில் பதினெட்டுப் பந்து நேராகப் போனது.

அண்ணன்


ஏப்ரல் 3

அண்ணா,

நோட்டை மூன்று நாளாகப் படித்தேன். கொஞ்ச நேரம் படித்தாலே இருக்கிற கண்ணில் நீர் கொட்டுகிறது, அதனால்தான் தாமதம்.

உன் அடி மோசமில்லை. தூரம் குறைந்த குழிகளில் கொடி எங்கே இருந்தாலும் நீ கொடியைப் பார்த்தே அடிக்கிறாய், புல்தரையின் நடுவைப் பார்த்து அடித்தால் போதும். ஒரு நம்பர் பெரிய மட்டையை எடுக்கக் கௌரவம் தடுக்கிறது, அதனால் பாதிப் பந்து முன்னாலேயே விழுகிறது. அதெல்லாம் சரிசெய்யக் கூடியது. சரிசெய்ய முடியாதது வேறு. ஒன்பதாம் பக்கம், இருபத்தொன்றாம் பக்கம், முப்பத்தெட்டு. பந்து மரத்துக்குள் போகிறது. பக்கவாட்டில் தட்டி வெளியே எடுத்தால் ஓர் அடிதான் நஷ்டம். நீ எடுப்பதில்லை. மரங்களுக்கு நடுவே ஜன்னல் தெரிகிறது என்று எழுதியிருக்கிறாய், ஓங்கி அடிக்கிறாய், மூன்று அடி போகிறது. ஒரு மோசமான அடி ஒரு குழியைத்தான் கெடுக்கும். அதை யாருக்கும் தெரியாமல் மறைத்துவிட வேண்டும் என்று அடிக்கும் அடுத்த அடிதான் உன் ஆட்டத்தையே கெடுக்கிறது.

இன்னொன்று. இந்த நோட்டை உனக்குக் கொடுப்பதற்கு முன் ஒன்றிலிருந்து நூறு வரை பக்க எண் போட்டேன். கீழ் மூலையில், பென்சிலால், பொடி எழுத்தில். என் மாணவர்கள் எல்லோருக்கும் போடுவேன், மோசமான நாளைக் கிழித்துவிடுவார்கள் என்பதற்காக. உன் நோட்டில் நாற்பத்தாறுக்கு அடுத்து நாற்பத்தொன்பது வருகிறது, நடுவில் ஒரு தாள் இல்லை. கோப்பைப் போட்டியின் பதினொன்றாவது குழி நாற்பத்தாறில் இருக்கிறது.

நாற்பத்தேழாம் பக்கம் எங்கே?

விசாரணை ஏப்ரல் 20. நான் முன்னால் போய் நின்று 'அடி' என்று சைகை காட்டினேன் என்றால் அது பயிற்சியாளரின் அஜாக்கிரதை, உரிமம் ரத்து. 'அடிக்காதே' என்று காட்டினேன் என்றால் உரிமம் என்னிடம் இருக்கும். ஒரு கண்ணை வைத்துக்கொண்டு கற்றுக்கொடுக்கலாம், இங்கே முதலாளியம்மா வேலை தரத் தயாராக இருக்கிறார். உரிமம் இல்லாமல் முடியாது. ஆயுசுக்கும் பந்து கழுவ வேண்டியதுதான்.

குட்டி


ஏப்ரல் 8

குட்டி,

அந்தத் தாளில் காப்பி கொட்டிவிட்டது. கிழித்துப் போட்டேன். அவ்வளவுதான் விஷயம். போலீஸ்காரி மாதிரிக் கேட்காதே.

உனக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். பதினாறு வயதில் நீ முதல் போட்டிக்குப் போனாயே, அப்பா வேண்டாம் என்று சொல்லியும். சிநேகிதி வீட்டில் படிக்கிறாள் என்று அப்பாவிடம் பொய் சொன்னது யார்? உண்மை தெரிந்ததும் பெல்ட் அடி வாங்கியது யார்? உனக்காகப் பொய் சொன்ன வாய் இது. அதைப் பார்த்து இன்று பொய் சொல்கிறாய் என்கிறாய்.

அன்று பின்னால் செயலாளரும் இன்னும் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். "என்ன டாக்டர், இன்னிக்குக் கிளம்புற எண்ணம் இருக்கா?" என்று கேட்டார்கள். நீ பத்தடி முன்னால் நின்று அங்கே பார்க்கிறாய், இங்கே பார்க்கிறாய். யாருக்குமே அவசரம் வரும்.

இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

அண்ணன்


ஏப்ரல் 13

அண்ணா,

பெல்ட் அடியை மறக்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று எண்ணினேன், ஏழு. நீ அழவில்லை. மறுநாள் வேலியோரம் நின்று நான் ஆடுவதைப் பார்த்தாய், உட்கார முடியாமல். அந்த அண்ணனுக்குத்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

விசாரணைக்கு நான் வரப்போவதில்லை. அங்கே உட்கார்ந்திருக்கும் நாலு பேர் முன்னால் எழுந்து நின்று என் அண்ணன் பொய்யன் என்று என்னால் சொல்ல முடியாது. என் வாக்குமூலத்தை இரண்டு வரியில் அனுப்பிவிட்டேன். உன்னுடையதும் என்னுடையதும் பொருந்தாது. பின்னால் நின்ற மூவருக்கும் நடுவில் மரம் இருந்தது, என் கையை அவர்கள் பார்க்கவில்லை. ஆக, பார்த்தது நாம் இருவர்தான். நீ கிளப்பின் டாக்டர், பாதிக் குழுவுக்குப் பல் கட்டியவன். யாரை நம்புவார்கள் என்று எனக்குத் தெரியும்.

இந்த ஆட்டத்தில் நடுவர் கிடையாது என்று முதல் நாளே சொன்னேன். புதருக்குள் பந்து நகர்ந்துவிட்டால் ஆடுகிறவனே வெளியே வந்து, எனக்கு ஓர் அடி கூட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். உனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து அண்ணியிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாய்.

குட்டி


ஏப்ரல் 21

குட்டிக்கு,

உனக்குக் கடிதம் வருவதற்கு முன்பே தகவல் வந்திருக்கும். இருந்தாலும் நான் எழுத வேண்டும்.

ஆறு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. நீளமான மேஜை, பின்னால் கோப்பைகள் அடுக்கிய கண்ணாடி அலமாரி. இரண்டு வாக்குமூலங்களையும் படித்தார்கள். செயலாளர் என்னைப் பார்த்து, "உங்களுக்கு ஏதாவது சேர்க்கணுமா டாக்டர்?" என்று கேட்டார். நாற்பத்தேழாம் பக்கம் என் சட்டைப் பையில் இருந்தது. காப்பியும் கொட்டவில்லை, ஒன்றும் கொட்டவில்லை. கிழித்த அன்றிலிருந்து பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன். எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றுதான் போனேன், சத்தியமாக. "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டேன். என் வாய்தான் சொன்னது, எனக்கே கேட்டது. வெளியே வந்ததும் ஒருவர் என் தோளைத் தட்டி, "குடும்பத்துல இப்படி ஒரு கஷ்டம், நல்லா தாங்கிக்கிறீங்க" என்றார்.

சட்டையைத் துவைக்கப் போட்டபோது அண்ணி அந்தத் தாளை எடுத்துப் படித்துவிட்டாள். மடித்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். நேற்றிலிருந்து என்னிடம் பேசவில்லை.

குட்டி, உன் கை இறங்கியிருந்தால் அது விபத்து. மேலே இருந்தது என்றால் அது நான். உன் கண்ணைக் கெடுத்தவன் என்ற பெயரோடு காலையில் எழுந்து பல் துலக்க என்னால் முடியவில்லை. அதனால்தான்.

அந்தப் பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள். அவர்களுக்கு அனுப்பு, கொளுத்து, எதற்கும் நான் மறுப்புச் சொல்ல மாட்டேன்.

அண்ணன்


ஏப்ரல் 29

அண்ணா,

உரிமத்தை ரத்து செய்த கடிதமும் உன் கடிதமும் ஒரே நாளில் வந்தன. முதலில் எதைப் பிரிப்பது என்று தெரியாமல் இரண்டையும் மேஜையில் வைத்துவிட்டுப் பந்து கழுவப் போனேன்.

பக்கத்தைப் படித்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாய், மேலே நேரம் போட்டிருக்கிறாய். உள்ளே எனக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்த நேரம். அப்போதும் வீட்டுப்பாடம் எழுதிய ஆள் நீ. பார்த்தது: மரங்களுக்கு நடுவே நாலடி இடைவெளி, குட்டியின் கை மேலே, பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள். எடுத்த முடிவு: இவள் எப்போதும் இப்படித்தான், அடித்துவிடலாம். நடந்தது என்ற கட்டம் காலியாக இருக்கிறது.

'இவள் எப்போதும் இப்படித்தான்.' அந்த வரியில்தான் நான் உட்கார்ந்துவிட்டேன். பொய்யைவிட அது வலித்தது. வேறு எந்தப் பயிற்சியாளர் கை தூக்கியிருந்தாலும் நீ நின்றிருப்பாய். தங்கச்சி தானே.

என் மேலும் தப்பு உண்டு. பந்துக்கு முன்னால் எந்தப் பயிற்சியாளரும் நிற்கக் கூடாது. ஒரு கையைத் தூக்கினால் உன்னை நிறுத்திவிடலாம் என்று நம்பி நின்றேன். அதற்கு உண்டானதைக் கொடுத்தாகிவிட்டது.

பக்கத்தைத் திருப்பி அனுப்புகிறேன். நோட்டையும் சேர்த்து. இதை என் கையில் போட்டுவிட்டு நீ ஒதுங்கிக்கொள்ளப் பார்க்கிறாய். நான் அனுப்பினால், தங்கச்சி மாட்டிவிட்டாள் என்று ஆகும், நீ பாவம் என்று நாலு பேர் சொல்வார்கள். அடித்தவன்தான் தன் அட்டையில் எண்ணிக்கை எழுத வேண்டும். மறுபரிசீலனைக்குக் கடைசி நாள் மே 20.

இனிமேல் ஆட்டத்தைப் பற்றி எதுவும் கேட்காதே. எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் உனக்குச் சொல்லிவிட்டேன்.

குட்டி


மே 19

குட்டிக்கு,

இன்று காலை கொடுத்துவிட்டேன்.

மூன்று வாரமாக நோட்டைத் திறக்கவில்லை. மட்டையைத் தொடவில்லை. நான் யோசித்துத் திருந்தினேன் என்று நினைக்காதே, கெடு முடியட்டும் என்றுதான் காத்திருந்தேன். நேற்று மதியம் ஒரு டீச்சரம்மாவுக்குக் கடைவாய்ப் பல்லில் டிரில் செய்துகொண்டிருந்தேன். அவர் கையைத் தூக்கினார். டிரில்லை நிறுத்தினேன். நிறுத்தியவன் அப்படியே நின்றுவிட்டேன். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வலி போய், கையை மடியில் வைத்து, வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறார், என்னால் அடுத்த வேலைக்குப் போக முடியவில்லை. நர்ஸ், "சார், என்ன ஆச்சு?" என்றாள். முன்பின் தெரியாத அம்மா கை தூக்கினால் என் கை தானாக நிற்கிறது. முப்பது வருஷத்தில் ஒரு தடவை கூட நிற்காமல் இருந்ததில்லை. உனக்குத்தான் நிற்கவில்லை.

டீச்சரம்மாவுக்குத் தற்காலிகமாக அடைத்து அனுப்பிவிட்டு, காலியாக இருந்த கட்டத்தை எழுதினேன். நடந்தது: என் தங்கையின் வலது கண்ணை நான் கெடுத்தேன். பிறகு அவள் மேல் பழியைப் போட்டேன்.

செயலாளர் படித்துவிட்டு தாளை என் பக்கமே தள்ளினார். பிறகு, "டாக்டர், இதை நாங்க பாக்கலன்னே வெச்சுக்கலாம். ஏன் தேவையில்லாம?" என்றார். பின்னால் நின்று என்னை அவசரப்படுத்தியவர் அவர். நான் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, நகலில் அவரிடம் முத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன். முத்திரை குத்தும் வரை மேஜையை விட்டு நகரவில்லை. என் உறுப்பினர் அட்டையை அங்கேயே வைத்துவிட்டேன். அவர்கள் நீக்குவதற்கு முன் நானே விலகினேன் என்று பெருமை பேசிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, நீக்குங்கள் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அண்ணியிடம் சொன்னேன். "ம்" என்றாள். ஒரு மாதம் கழித்து அவள் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான்.

உன்னை வந்து பார்க்கட்டுமா? டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. நீ சொன்னால் அடுத்த நாளே கிளம்பிவிடுவேன். உன் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும், எழுத்தில் சொல்ல முடியவில்லை.

அண்ணன்


ஜூன் 14

அண்ணா,

உரிமம் திரும்ப வந்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து பாடம் எடுக்கிறேன். பந்து எவ்வளவு தூரம் போனது என்று எனக்குத் தெரிவதில்லை, மாணவர்களையே சொல்லச் சொல்கிறேன். ஒரு வங்கி மேனேஜர் ஒவ்வொரு பந்துக்கும் பத்து கெஜம் கூட்டிச் சொல்கிறார். மட்டையில் பட்ட சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன், அசடு வழிந்தார். உன்னிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

முதலாளியம்மா எனக்குப் புதிதாக ஒரு கட்டு நோட்டு வாங்கித் தந்திருக்கிறார். நேற்று உட்கார்ந்து பக்க எண் போட்டேன். நாற்பத்தேழு வந்தபோது பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன். விபத்து நடந்ததிலிருந்து நான் அழவில்லை. போன கண்ணிலும் கண்ணீர் வருகிறது, அது எனக்குத் தெரியாது.

நீ செய்தது சரி. அதைச் செய்ய உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதனால் மனசு ஆறிவிடும் என்று நினைத்தேன், ஆறவில்லை. 'இவள் எப்போதும் இப்படித்தான்' என்ற வரி இன்னும் அப்படியே இருக்கிறது. காலையில் முகம் கழுவும்போது தினமும் அதைப் பார்க்கிறேன்.

வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வராதே. அண்ணி வரட்டும், நீ வேண்டாம். எத்தனை நாள் என்று கேட்டு எழுதாதே, எனக்கே தெரியாது. என் கை இப்போது மேலே இருக்கிறது, அண்ணா. நான் அதைக் கீழே விடும் வரை நின்ற இடத்திலேயே நில்.

குட்டி